சண்டைக்குப் போகாத நாட்டில் ஒரு விலாசம்

கொஞ்சக் காலம் என் மகளுக்கு இரண்டு விலாசங்கள் இருந்தன. ஒன்று, அவள் சாப்பிட்டு, தூங்கி, என்னோடு வாய்காட்டிக்கொண்டு இருக்கும் லண்டன் தோர்ண்டன் ஹீத் வீடு. மற்றது சுவீடனில், ஸ்டொக்ஹோமுக்கு வெளியே என் அண்ணை இருக்கும் மூன்றாம் மாடி பிளாட். அந்த இரண்டாவது விலாசத்தில் அவள் விடுமுறைக்குத் தங்கியதைத் தவிர ஒரு நாளும் வசித்ததில்லை. அது நான் பார்த்த வேலை.

அவள் பிறந்தது அந்த நாட்டில்தான். ஆறு வயதில் அவளைக் கூட்டிக்கொண்டு லண்டனுக்கு வந்துவிட்டோம். ஆங்கிலப் படிப்பு வேண்டும், பஸ்ஸில் போகும் தூரத்தில் கோயில் வேண்டும், முருங்கைக்காய் வாங்க ஒரு கடை வேண்டும் என்று என் கணவர் காரணங்களை அடுக்கினார். முருங்கைக்காய்தான் உண்மையான காரணம் என்று இன்றைக்கும் நான் அவரைச் சீண்டுவதுண்டு. எங்களோடு வந்த சுவீடன் கடவுச்சீட்டுகள் மட்டும் அலுமாரிக்குள் பத்திரமாக இருந்தன.

அவளுக்குப் பதினேழு வயதாக இருந்தபோது இந்த நாட்டில் தேர்தல் வந்தது. ஒரு சனிக்கிழமை தொலைக்காட்சியில் ஒருவர் தோன்றி, பதினெட்டு வயதுப் பிள்ளைகள் எல்லோரும் நாட்டுக்குச் சேவை செய்ய வேண்டும், சிலர் பட்டாளத்திலும் இருந்துவிட்டு வரலாம் என்று சொன்னார். நான் வேலைசெய்யும் பாடசாலைச் சமையலறையில் ஒரு கிழமை விடுமுறை முடிந்த திங்கட்கிழமை முழுக்க அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. 

"அந்தாள் வெல்லப்போறேல்லை," என்றார் என் கணவர். "நீர் ஏன் இப்ப தலையில கை வைக்கிறீர்?"

"வெல்லுறவை நாளைக்கு அதையே சொல்லமாட்டினம் எண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?"

அவர் தேநீரைக் குடித்தார். எங்கள் வீட்டில் எனக்கும் மகளுக்கும் இடையில் எந்தச் சண்டை நடந்தாலும் அவர் இரண்டு பக்கமும் சேரமாட்டார். தேநீர்க் கோப்பையோடு சுவரோரமாக நடந்துபோய்விடுவார். எங்கள் வீட்டுச் சுவீடன் அவர்தான் என்று நான் சொல்வேன்.

அந்தக் கோடை விடுமுறையில் மகளை மாமா வீட்டுக்குக் கூட்டிப்போனேன். போன மூன்றாம் நாள் அங்கே குடியிருப்பவர்களைப் பதியும் அலுவலகத்துக்கு அவளை அழைத்துக்கொண்டு போய், பிள்ளை இனி மாமாவோடு இருந்து படிக்கப் போகிறாள் என்று பதிந்தேன். அவளிடம், "எப்பவாவது உதவும், கையெழுத்தை வை," என்றேன். வைத்தாள். வெளியே ஐஸ்கிறீம் கடை இருந்தது, அவள் கண் அதில் இருந்தது. என் பிள்ளையை எந்த நாட்டுப் பட்டாளமும் தொடக்கூடாது, இங்கே கூப்பிட்டால் அங்கே போய்விட அவளுக்கு ஒரு கதவு திறந்திருக்க வேண்டும் என்பதைத் தவிர என் மனதில் வேறொன்றும் இல்லை.

ஏன் சுவீடன் என்று கேட்பீர்கள். நான் அங்கே முதியோர் இல்லம் ஒன்றில் ஏழு வருடம் வேலை செய்தவள். அங்கே ஒரு வயதான பெண்மணி இருந்தார். அவருடைய அறைச் சுவரில் குடும்பத்துப் படங்கள் வரிசையாகத் தொங்கும். வேலைக்குச் சேர்ந்த புதிதில், சுவீடிஷ் பேசிப் பழகுவதற்காக ஒவ்வொரு படமாகக் காட்டி, இவர் எப்படி இறந்தார், இவர் எப்படி இறந்தார் என்று கேட்டேன். அது என்ன கேள்வி என்று இப்போது வெட்கமாக இருக்கிறது. எங்கள் ஊரில் படத்தைப் பார்த்தால் அப்படித்தான் கேட்போம். அவர் பொறுமையாகச் சொன்னார். நெஞ்சு வருத்தம். முதுமை. முதுமை. படகு கவிழ்ந்தது. முதுமை. சண்டையில் ஒருவரும் இல்லையா என்று கேட்டேன். இருநூறு வருடமாக இந்த நாடு சண்டைக்குப் போகவில்லையே பிள்ளை என்றார். நான் நம்பாமல் இன்னொரு தடவை கேட்டேன். அன்றைக்கு எனக்கு வந்த பொறாமையை அதற்கு முன்னும் பின்னும் எந்த மனிதர் மேலும் நான் பட்டதில்லை.

அந்த நாடுதான் என் தலைக்குள் இருந்தது. ஆனால் அது மாறிக்கொண்டிருந்தது என்பது எனக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. அண்ணை ஞாயிற்றுக்கிழமை தவறாமல் எடுத்துச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

உக்ரைனில் சண்டை தொடங்கிய முதல் கிழமை அண்ணை சொன்னார், "எங்கட ஆக்கள் தலைக்கவசம் அனுப்புகினமாம்." தலைக்கவசம் ஆரையும் கொல்லாதுதானே என்றேன். அதே கிழமையில், தோளில் வைத்து டாங்கியை அடிக்கிற ஆயுதமும் போகிறது என்றார். பிறகு உக்ரைன் பொடியன்களைச் சுவீடனுக்குக் கூப்பிட்டுப் பயிற்சி கொடுக்கிறார்கள் என்றார். இடையில் மேற்கு நாடுகளின் ராணுவக் கூட்டணியில் சேர விண்ணப்பம். இரண்டு வருடம் இழுபட்டு, கடைசியில் சேர்ந்தும்விட்டார்கள். வீடு வீடாக ஒரு சின்னப் புத்தகம் வந்தது, சண்டை வந்தால் எவ்வளவு தண்ணீர் சேர்த்து வைக்க வேண்டும், எங்கே போய் ஒளிய வேண்டும் என்று. அண்ணையின் கட்டடத்தின் அடியில் பதுங்கும் அறை ஒன்று உண்டு. பழைய காலத்தில் கட்டியது. அதற்குள் எல்லோரும் சைக்கிளும் பனிச்சறுக்குப் பலகையும் வைத்திருந்தார்கள். அண்ணை தன்னுடைய பழைய தோசை கிரைண்டரையும் நான்கு மூட்டை அரிசியையும் வைத்திருந்தார். எல்லாவற்றையும் எடுக்கச் சொல்லி நோட்டீஸ் வந்ததும் மனிதருக்கு வந்ததே கோபம்.

"இருநூறு வருசம் சண்டை பிடிக்காத நாடு, என்ர கிரைண்டரோட வந்து சண்டை பிடிக்குது," என்றார்.

நானும் விழுந்து விழுந்து சிரித்தேன். அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. ஏனென்றால் இந்தப் பாதை எனக்கு மனப்பாடம். வன்னியில் எங்கள் வீடும் ஒரு பக்கமும் சேராத வீடுதான். அப்பாவுக்கு அரசியல் என்றால் காது கேட்காது. இயக்கத்துப் பிள்ளைகள் முதலில் வந்து கேட்டது சோற்றுப் பார்சல். பசித்த பிள்ளைகளுக்குச் சோறு கொடுப்பதில் என்ன அரசியல் என்று அம்மா கட்டிக் கொடுத்தார். பிறகு சைக்கிளை இரவல் கேட்டார்கள். பிறகு ஒழுங்கை முனையில் பங்கர் வெட்ட அப்பாவைக் கூப்பிட்டார்கள். ஒவ்வொன்றும் அதற்கு முந்தியதைவிடக் கொஞ்சம்தான் பெரிது, அதனால் மறுக்க முடியவில்லை. ஒரு நாள் வந்து, வீட்டுக்கு ஒரு ஆள் வேண்டும் என்றார்கள்.

இதெல்லாம் தெரிந்த நான், தலைக்கவசம் போன கதையைக் கேட்டுச் சிரித்தேன். சப்பாத்தைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள் வருகிற, கடிதத்துக்குக் கடிதம் நன்றி சொல்கிற ஆட்களுக்கு அதே பாதை இருக்காது என்று நினைத்துவிட்டேன். கூட்டணியில் சேர்ந்தால் என்ன, இருநூறு வருடப் பழக்கம் ஒரு கையெழுத்தில் போய்விடுமா என்று அண்ணையோடு வாதாடியிருக்கிறேன். அப்படி வாதாடிவிட்டுத்தான் பிள்ளையைக் கொண்டுபோய் அங்கே பதிந்தேன்.

அவளுக்குப் பதினெட்டு நடக்கும்போது அண்ணை வீட்டுக்கு அவள் பேரில் பட்டாளத்துக் கடிதம் வந்தது.

அண்ணை அதைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார். "பதினெட்டு வயசு எல்லாருக்கும் வாறது. பெடியன், பெட்டை எண்டு பாக்கிறேல்லை. சும்மா ஒரு ஃபோம். நிரப்பி அனுப்பிவிடு," என்றார். பாடசாலையில் மத்தியானச் சாப்பாடு முடிந்து தட்டுகளைக் கழுவ எடுத்த நேரம். நான் ஏப்ரனோடு குளிர்ப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்று வாசித்தேன். உடல் எப்படி, படிப்பு எப்படி, ராணுவ சேவைக்கு விருப்பம் எப்படி என்று கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும், உண்மையைச் சொல்வது சட்டப்படி கடமை, தேவையானவர்களைப் பரிசோதனைக்குக் கூப்பிடுவோம் என்று இருந்தது. மறுபடி முதலில் இருந்து வாசித்தேன். தலைமைச் சமையல்காரி, மெலிந்த அயர்லாந்துக்காரி, கதிரை கொண்டுவந்து போட்டாள்.

கடிதத்தின் அடியில் ஒரு வரி இருந்தது. நிரந்தரமாக வெளிநாட்டில் வசிப்பவர்கள் அதை அறிவித்தால் இப்போதைக்கு அழைக்கப்படமாட்டார்கள், அவர்களுடைய பதிவும் அதற்கேற்ப மாற்றப்படும். அவ்வளவுதான். லண்டனில் இருக்கிறாள் என்ற ஒரே ஒரு உண்மையைச் சொன்னால் பிள்ளை தப்பிவிடுவாள். ஆனால் விலாசம் போய்விடும். நான் திறந்துவைத்த கதவை நானே சாத்த வேண்டும். அது எனக்கு ஏலாமல் இருந்தது. பட்டாளமும் அவளைத் தொடக்கூடாது, கதவும் திறந்திருக்க வேண்டும். இரண்டும் வேண்டுமென்றால் ஒரே வழி, பிள்ளைக்கு வருத்தம், உடம்பு சரியில்லை என்று சொல்வது.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் அவள் குரொய்டனில் சப்பாத்துக் கடை வேலைக்குப் போயிருந்தாள். நான் கணினியைத் திறந்து, கடிதத்தில் இருந்த எண்ணைத் தட்டி, மகளாக உட்கார்ந்தேன். ஆஸ்துமா உண்டு என்றேன். முதுகு நோ உண்டு என்றேன். பார்வை மங்கல். இரத்தத்தைக் கண்டால் மயக்கம்.

கணவர் சமையலறை வாசலில் கோப்பையோடு நின்றார். "நான் இதில இல்லை," என்றார்.

"நீங்கள் ஒண்டிலயும் இல்லை. போங்கோ."

போகவில்லை. கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துக்கொண்டே நின்றார். "ஆஸ்துமாவுக்கு டொக்டரின்ர கடிதம் கேப்பாங்கள்," என்றார். நான் அடுத்த கேள்விக்குப் போனேன். இன்னும் கொஞ்சம் கிட்ட வந்தார். பிறகு மெல்ல, "நித்திரையில நடக்கிறது எண்டு போடும். அதை ஒருதராலயும் செக் பண்ண ஏலாது," என்றார். அப்படி எங்கள் வீட்டுச் சுவீடனும் உள்ளே வந்து சேர்ந்தது.

ஒரு வருத்தம் போதாதா, ஏன் ஐந்து என்று யாரும் கேட்கலாம். எங்கள் இடத்தில் ஒரு பொய் ஒருபோதும் போதாது. வீட்டுக்கு ஒரு ஆள் கேட்டு வந்தவர்கள் ஆஸ்துமா என்றால் ஓடச் சொல்லிப் பார்ப்பார்கள். அதனால் அம்மா அடுக்கடுக்காக வைத்திருந்தார். எனக்கு வலிப்பு என்றார். ஒரு சிறுநீரகம் பழுது என்றார். இவை எல்லாவற்றுக்கும் மேலே, எனக்குக் கலியாணம் முடிந்துவிட்டது என்று கழுத்தில் ஒரு மஞ்சள் கயிறு கட்டிவிட்டார். கலியாணம் முடித்த பெண்களை விட்டுவிடுவார்கள். மாப்பிள்ளை கொழும்பில் என்று சொல்லவேண்டும். பதினெட்டு வயதில், இல்லாத ஒரு மனிதனின் கயிற்றோடு பத்து மாதம் திரிந்தேன். குளிக்கும்போது மஞ்சள் கரைந்து சட்டையில் பிடிக்கும். என்னை விட்டுவிட்டார்கள். பிறகு சமாதானக் காலம் வந்து பாதை திறந்ததும், முன்னமே வெளிநாடு போயிருந்த அண்ணை என்னைச் சுவீடனுக்கு எடுத்துவிட்டார். மகளுக்கு நான் சொன்ன கதை இவ்வளவுதான். அவள் அதைச் சிநேகிதிகளுக்கெல்லாம் சொல்லிச் சிரித்திருக்கிறாள், நானும் சிரிக்கத்தான் சொன்னேன்.

ஃபோமை அனுப்பிவிட்டு, நிம்மதியாகக் கத்தரிக்காய் பொரித்தேன்.

ஆறு கிழமையில் அடுத்த கடிதம் வந்தது. அதில் கோபமே இல்லை. இவ்வளவு வருத்தங்களோடு ஒரு இளம் பெண் இருப்பது எங்களுக்குக் கவலையாக இருக்கிறது, சரியான வைத்தியம் கிடைக்கிறதா, மருத்துவர்களின் சான்றுகளை அனுப்ப முடியுமா, முடியாவிட்டால் நாங்களே ஒரு மருத்துவரிடம் நேரம் எடுத்துத் தருகிறோம் என்று கேட்டிருந்தார்கள். பிள்ளை உயிரோடு இருப்பதே அதிசயம் என்று நினைத்துவிட்டார்கள் போலிருக்கிறது. அண்ணை இந்த முறை எனக்கு அனுப்பவில்லை. கடிதத்தைப் படித்துப் பயந்துபோய், நேரே மருமகளின் ஃபோனுக்கு எடுத்து, "பிள்ளை, உனக்கு இவ்வளவு வருத்தம் எண்டு எனக்கு ஒருதரும் சொல்லேல்லையே அம்மா," என்று அழாக்குறையாகக் கேட்டிருக்கிறார்.

அன்று பின்னேரம் நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். அவள் பையைக் கழற்றாமல் வந்து மேசைக்கு முன்னால் நின்றாள்.

"அம்மா, எனக்கு ஆஸ்துமாவா?"

"ஆர் சொன்னது?"

"மாமா. ஸ்லீப்வோக்கிங்கும் இருக்காம். ரத்தத்தைப் பாத்தா ஃபெயின்ட் பண்ணுவனாம். அம்மா, நான் வீக்கெண்டில சின்னப் பிள்ளையளுக்கு ஃபர்ஸ்ட் எய்ட் படிப்பிக்கிறன்!"

"எல்லாம் உன்ர நன்மைக்குத்தான்."

"அது என்ர பேர். என்ர பேரில நீங்கள் பொய் சொல்லியிருக்கிறியள். என்னை ஒரு சொல்லுக் கேட்டனீங்களோ?"

"கேட்டா நீ என்ன சொல்லியிருப்பாய்?"

"உங்களுக்குத் தெரியாதுதானே? அதுதான் பிரச்சினை."

கணவர் படியிறங்கி வந்தவர் அப்படியே திரும்பி மேலே ஏறப் பார்த்தார். அவள் விடவில்லை. "அப்பா, உங்களுக்கும் தெரியுமோ?" என்றாள். அவர் என்னைப் பார்த்தார், கேத்திலைப் பார்த்தார். "நித்திரையில நடக்கிறது மட்டும் நான் சொன்னது," என்றார். எனக்கு அந்த நேரத்திலும் சிரிப்பு வந்தது. அவளுக்கு வரவில்லை. கதிரையை இழுத்து இருந்தாள். ஃபோனில் மாமா அனுப்பிய கடிதத்தின் படத்தைத் திறந்தாள். குரலும் இறங்கிவிட்டது.

"சரி. நான் வருத்தக்காரி எண்டு அவை நம்பினா, எனக்குப் பதிலா ஆரைக் கூப்பிடுவினம்?"

அவள் என்னைக் குத்துவதற்காகக் கேட்கவில்லை. கணக்குக் கேள்வி போல, தெரிந்துகொள்வதற்காகக் கேட்டாள். கையில் இருந்த கீரையை மேசையில் போட்டேன். அடுப்பை நிறுத்தினேன்.

"உன்ர சித்தியை," என்றேன்.

அவளுக்கு விளங்கவில்லை. சித்தி ஷெல் விழுந்து செத்தவ என்றுதான் அவளுக்குச் சொல்லியிருந்தேன். கணவரும் கோப்பையை வைத்துவிட்டார். கலியாணம் முடிந்து இத்தனை வருடத்தில் அவருக்கும் நான் முழுதாகச் சொன்னதில்லை.

வீட்டுக்கு ஒரு ஆள் கேட்டு அன்றைக்கு வந்த இருவரில் ஒரு பெண்ணின் கையில் கொப்பி இருந்தது. என் கழுத்தைப் பார்த்தாள், கொப்பியில் என் பேருக்கு மேல் கோடு போட்டாள். பிறகு, "அப்ப அடுத்தவ?" என்று கேட்டாள். என் தங்கச்சி கிணற்றடியில் பாடசாலைச் சீருடையைத் தோய்த்துக்கொண்டிருந்தாள். பதினாறு நடக்கிறது. ஒரு வீட்டில் இரண்டு பிள்ளைகளுக்கும் கலியாணம் என்று சொல்ல அம்மாவுக்கு வாய் வரவில்லை. நான் பக்கத்தில்தான் நின்றேன். கயிற்றைக் கழற்றி எறிந்துவிட்டு, நான்தான் அக்கா, நான் வாறன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பயந்து நின்றேன். நான்காம் நாள் டியூஷன் முடிந்து வருகிற வழியில் அவளை ஏற்றிக்கொண்டு போனார்கள்.

"ஒருக்கா லீவில வீட்டை வந்தவள்," என்றேன். "என்ர கழுத்தைப் பாத்தாள். ஒண்டும் கேக்கேல்லை. நான் வெளிநாடு வெளிக்கிட்டன். அவள் கடைசிச் சண்டையில எங்கை எண்டே தெரியாமல் போயிட்டாள். செத்தவையின்ர பட்டியலில பேருமில்லை, உடம்பும் கிடைக்கேல்லை."

நான் அழுதேன். அதில் மறைக்க ஒன்றும் இல்லை. இருபது வருடத்துக்கு மேலாக ஒரு கயிற்றைச் சொல்லிச் சிரிப்புக் காட்டிக்கொண்டிருந்தது இந்த ஒரு வசனத்தைச் சொல்லாமல் இருப்பதற்குத்தான். மகள் என்னைக் கட்டிப்பிடிக்கவில்லை. கடதாசித் துவாயைக் கிழித்துக் கையில் தந்தாள். பிறகு கீரைத் தண்டுகளை ஒதுக்கி, மேசையைத் துடைத்து, கணினியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

"முதலில இருந்து திருப்பிச் செய்வம். திருத்தலாம் எண்டு கடிதத்தில போட்டிருக்காம். எனக்கு ஸ்வீடிஷ் மறந்துபோச்சு. நீங்கள் வாசியுங்கோ, நான் பதில் சொல்லுறன்."

"ஃபோனைக் காட்டினா அதுவே மொழிபெயர்க்கும்தானே," என்றேன்.

"இல்லை. நீங்கள் வாசியுங்கோ."

முதற் கேள்வி, எங்கே வசிக்கிறாய். அவள் லண்டன் என்றாள். நான் தட்டினேன். விலாசப் பதிவு மாற்றப்படும், தற்போது அழைக்கப்படமாட்டாய் என்று உடனே ஒரு வரி வந்தது. அவ்வளவு காலம் பொத்திப் பொத்தி வைத்திருந்த கதவு அதோடு மூடிவிட்டது. எனக்கு அழவேண்டும் போலவும் இருந்தது, கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைக்க வேண்டும் போலவும் இருந்தது. என் பிள்ளை தப்பிவிட்டாள். "இனிப் போதும். அனுப்புறன்," என்றேன்.

"மிச்சத்தையும் வாசியுங்கோ."

"தேவையில்லைப் பிள்ளை. கூப்பிடமாட்டினமாம்."

"அம்மா. வாசியுங்கோ."

வாசித்தேன். மூச்சு எப்படி? நல்லம். முதுகு? நல்லம். கண்? நல்லம். எத்தனை கிலோமீட்டர் நிற்காமல் ஓடுவாய்? ஐந்து. இல்லை, போன மாதம் எட்டு. பிறகு அந்தக் கேள்வி வந்தது. நாட்டைக் காக்கும் சேவையில் நிற்க உனக்கு எவ்வளவு விருப்பம்? எதிரே ஐந்து வட்டங்கள், முதலாவது விருப்பமேயில்லை, கடைசி மிக விருப்பம். பிறந்த நாட்டு மொழி மறந்த பிள்ளை பக்கத்தில் இருக்கிறாள். நான் என்ன சொன்னாலும் நம்புவாள். உனக்கு நீந்தத் தெரியுமா என்று கேட்கிறார்கள் என்று சொல்லிவிட்டு, முதல் வட்டத்தில் தட்டிவிட்டுப் போயிருக்கலாம். அப்படிச் செய்ய நினைத்தேன். மனதுக்குள் அந்தப் பொய் வசனத்தை முழுதாகச் சொல்லியும் பார்த்தேன்.

பிறகு உள்ளதை உள்ளபடி தமிழில் சொன்னேன்.

அவள் ஐந்து வட்டங்களையும் விரலால் எண்ணினாள். நடு வட்டத்தைக் காட்டினாள். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. விருப்பமில்லை என்று முதல் வட்டத்தைத் தொட்டால் விரல் தேய்ந்துவிடுமா? ஆனாலும் அவள் காட்டியதில் தட்டினேன். கணவர் எனக்குப் பின்னால் வந்து நின்று என் தோளில் கை வைத்தார், பிறகு அவள் தோளிலும் வைத்தார்.

கடைசியில் ஒரு பெட்டி. வேறு ஏதாவது சொல்ல விரும்பினால் எழுதலாம். இருக்கிறது என்றாள். அவள் ஆங்கிலத்தில் ஒவ்வொரு வசனமாகச் சொல்ல, நான் சுவீடிஷில் எழுதினேன்.

முன்பு வந்த பதில்கள் என்னுடையவை அல்ல. அவற்றை என் அம்மா எழுதினார்.

எழுதினேன்.

என் அம்மா ஒரு போருக்குள் இருந்து வந்தவர். அங்கே அவருடைய தங்கையைக் கொண்டுபோனார்கள். அவர் என்னைக் காப்பாற்ற நினைத்தார். தயவுசெய்து அவரோடு கோபிக்க வேண்டாம்.

எழுத்துகள் கலங்கிக் கலங்கித் தெரிந்தன. தடவித் தடவி எழுதினேன். முடிந்துவிட்டது என்று நினைத்து நிமிர்ந்தேன்.

"இன்னும் ஒண்டு இருக்கு," என்றாள். "சித்தியையும் ஒருதரும் கேக்கேல்லை, உங்களையும் ஒருதரும் கேக்கேல்லை. அதால இதையும் போடுங்கோ."

"என்னெண்டு?"

அதை மட்டும் அவள் தமிழில் சொன்னாள். "அடுத்த முறை நான் தேவையெண்டா, என்னட்டையே கேளுங்கோ."

"இதையும் போடத்தான் வேணுமோ பிள்ளை?"

"ஓம் அம்மா."

அதையும் எழுதினேன். வாசித்துக் காட்டச் சொன்னாள். வாசித்துக் காட்டினேன். அவள் தலையை ஆட்டியதும், நானே அனுப்பினேன்.